பகை நாடுகளின் பொது ஆய்வுகூடம்

ஜோர்தான் நாட்டின் தலைநகராகிய அம்மானுக்கு வடமேற்கே, ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தொலைவில், அல்லான் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே உயர்ந்த கூரையுடைய மண்டபமொன்றினுள், 133 மீற்றர் சுற்றளவுள்ள ஒரு வளையம் காந்தங்களாலும் உலோகக் குழாய்களாலும் அமைக்கப்பட்டிருக்கிறது. இவ்வகை வளையங்கள் விஞ்ஞான உலகிற்குப் புதியன அல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் யப்பானிலும் இதனிற் பெரியன பல உள்ளன. இந்த வளையத்தின் புதுமை வேறு. இது யாருக்கு உரியது என்று கேட்டால், சைப்பிரஸ், எகிப்து, ஈரான், இஸ்ரேல், ஜோர்தான், பாக்கிஸ்தான், பலஸ்தீனம், துருக்கி என்னும் எட்டுப் பெயர்களையும் ஒருங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த எட்டுப் பெயர்களையும் ஒரே மூச்சிற் சொல்லக்கூடிய இடங்கள் உலகத்தில் மிகச் சில. ஈரானும் பாக்கிஸ்தானும் இஸ்ரேலை ஒரு நாடாகவே அங்கீகரிப்பதில்லை. துருக்கி, சைப்பிரஸ் குடியரசை அங்கீகரிப்பதில்லை; 1974இல் துருக்கிப் படை இறங்கியது முதலாக அத்தீவு இரண்டாய்ப் பிரிந்து கிடக்கிறது. எகிப்து 1979இலும் ஜோர்தான் 1994இலும் இஸ்ரேலோடு சமாதான உடன்படிக்கை செய்துகொண்டவை. அதற்கு முன்னர் அதனோடு போர்க்களத்தில் நின்றவை. இஸ்ரேலியருக்கும் பலஸ்தீனருக்கும் இடையிலுள்ள வழக்கை நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. யூதரும் கிறித்தவரும், முஸ்லிம்களிலே சுன்னிப் பிரிவினரும் ஷியாப் பிரிவினரும், இவ்வளவு பேரும் ஓர் இயந்திரத்துக்குக் கூட்டுச் சொந்தக்காரராக இருப்பது எவ்வாறு இயன்றது? இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

விஞ்ஞானத்துக்கு எல்லை இல்லை என்று மேடைகளிற் பேசுவது எளிது. அவ்வாறு பேசுவோர் பலரை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் விஞ்ஞானியும் வரி செலுத்துபவன், கடவுச்சீட்டு வைத்திருப்பவன், தன் அரசாங்கம் போக வேண்டாம் என்றால் போக மாட்டாதவன். நல்லெண்ணம் மாத்திரமே இத்தகைய முயற்சிகளுக்கு அடித்தளம் என்று கொண்டால், அவை முதற் போரிலேயே சரிந்திருக்கும். அல்லானில் உள்ள ஆய்வுகூடம் சரியவில்லை. அதற்குக் காரணம், அங்கே கூடியவர்கள் ஒருவரையொருவர் விரும்பினார்கள் என்பதன்று. எல்லோருக்கும் வேண்டியதாயும் எவராலும் தனித்து எளிதிற் பெறமுடியாததாயும் உள்ள ஒரு பொருள் அவர்கள் நடுவே இருந்தது என்பதுதான். ஆகையால் முதலில் அந்தப் பொருளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

இலத்திரன்கள் நேர்கோட்டிலே ஒரே வேகத்திற் செல்லும்பொழுது ஒளியை வெளிவிடுவதில்லை. அவற்றைக் காந்தங்களால் வளைத்துத் திருப்பினால், திரும்பும் இடத்தில் ஒளி சிந்துகின்றன. ஈரத் துணியைச் சுழற்றினால் நீர்த்துளிகள் தெறிப்பதைப் போன்ற நிகழ்ச்சி என்று கொள்ளலாம். உவமை முற்றும் பொருந்தாது, ஆயினும் உதவும். இலத்திரன்களின் வேகம் ஒளியின் வேகத்தை மிக நெருங்கிவிட்டால், அவை சிந்தும் ஒளி எல்லாப் புறமும் சிதறாமல், முன்னோக்கிய மெல்லிய கற்றையாகக் குவிந்து வரும். அக்கற்றையிலே செங்கீழ்க் கதிர் முதல், கண்ணுக்குப் புலனாகும் ஒளி, ஊதாக் கடந்த கதிர், எக்ஸ் கதிர் வரை எல்லாம் அடங்கியிருக்கும். வைத்தியசாலைகளிலே படம் பிடிக்கும் எக்ஸ் கதிரைவிட அது பல கோடி மடங்கு செறிவுடையது. இதனைச் சின்குரோத்திரன் ஒளி என்பர். வளையத்தைச் சுற்றி ஆங்காங்கே வாயில்கள் வைத்து, ஒவ்வொரு வாயிலிலும் புறப்படும் கற்றையை ஒவ்வோர் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவார்கள். அவற்றை ஒளிவழிகள் என்று சொல்லலாம். அல்லான் வளையத்திலே இலத்திரன்கள் ஒரு விநாடியில் 22 இலட்சம் தடவைக்கு மேல் சுற்றி வருகின்றன.

இவ்வொளியாற் பெறும் பயன் யாது? கண்ணுக்கும் சாதாரண நுண்பெருக்குக் கருவிக்கும் எட்டாத அணுக்களின் ஒழுங்கை இது காட்டித் தரும். மண்ணிலே குரோமியம் இருக்கிறது என்று சொன்னால் போதாது; அதே உலோகம் ஓர் இரசாயன நிலையிற் பெரிதும் தீங்கற்றது, மற்றொரு நிலையிற் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு. எந்த நிலையில் இருக்கிறது என்பதை இவ்வொளி கண்டு சொல்லும். பழைய எலும்பொன்றை வெட்டாமலே அதன் உட்புறத்தைப் பார்க்கலாம். ஓலையோ தோலோ கடதாசியோ, அதன் மேல் எழுதிய மையின் கூறுகளைச் சுரண்டாமலே அறியலாம். உயிரணுவிற் புரதத்தை உண்டாக்கும் ரைபோசோம் என்னும் நுண்பொறியின் அமைப்பைக் கண்டதற்காக 2009ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு மூவருக்கு அளிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். மற்றொருவர் ஜெருசலேமிற் பிறந்த அடா யோனத் அம்மையார். மூன்றாமவர் அமெரிக்கரான தோமஸ் ஸ்ரைற்ஸ். மூவரின் ஆராய்ச்சிக்கும் சின்குரோத்திரன் ஒளி இன்றியமையாததாயிருந்தது. யோனத் அம்மையார் இஸ்ரேலில் உள்ள வைஸ்மன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர். ஆயினும் அவர் பல ஆண்டுகளாக ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்திலேயே தம் சோதனைகளிற் பெரும் பகுதியை நடத்த வேண்டியிருந்தது. அவருடைய நாட்டிலோ அயல் நாடுகளிலோ அவ்வொளி அக்காலத்தில் இல்லை.

அம்மையாருக்கே அந்நிலையென்றால், கெய்ரோவிலோ தெஹ்ரானிலோ நப்ளுஸிலோ உள்ள ஓர் இளம் ஆராய்ச்சியாளரின் நிலையைச் சொல்ல வேண்டுமா? ஐரோப்பாவுக்குச் செல்லப் பணமும் விசாவும் வாய்த்தவர் சென்றனர். சென்றவரிற் பலர் அங்கேயே தங்கிவிட்டனர். இக்குறையை நெடுங்காலத்துக்கு முன்னரே எடுத்துக்காட்டியவர் பாக்கிஸ்தானியப் பௌதிக மேதை அப்துஸ் சலாம். வறிய நாடுகளின் விஞ்ஞானிகள் தம் நாட்டைத் துறக்காமலே உயர்ந்த ஆராய்ச்சியில் ஈடுபட வேண்டும் என்ற கருத்தோடு, 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் ஒரு சர்வதேச நிலையத்தைத் தொடங்கியவர் அவர். 1979இல் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டது யூதக் குடும்பங்களிற் பிறந்த இரு அமெரிக்கரோடு. அவரோ அஹ்மதியா சமயப் பிரிவைச் சேர்ந்தவர். அப்பிரிவினர் முஸ்லிம்கள் அல்லர் என்று 1974இல் அவரது நாட்டின் பாராளுமன்றம் தீர்மானித்தது. அதனை ஏற்காமல் அவர் அரசாங்க விஞ்ஞான ஆலோசகர் பதவியை விட்டு நீங்கினார். அவர் இறந்த பின், அவருடைய கல்லறைக் கல்லிற் பொறித்திருந்த முஸ்லிம் என்ற சொல்லும் அழிக்கப்பட்டது. சமய வேறுபாடு ஒரு விஞ்ஞானியை எவ்வளவு தூரம் துரத்தும் என்பதை நன்கறிந்த அவர்தாம், மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பொதுவான ஒரு சின்குரோத்திரன் வேண்டும் என்று முதலிற் சொன்னார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இதற்கு முன்மாதிரி ஒன்றும் இருந்தது. இரண்டாம் உலகப் போரினால் அழிந்து கிடந்த ஐரோப்பாவில், எந்த நாடும் தனியாகப் பெரிய துகள் ஆராய்ச்சி நிலையத்தைக் கட்ட வசதியற்றிருந்தது. யுனெஸ்கோவின் ஆதரவில் 12 நாடுகள் 1953இல் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. 1954இல் ஜெனீவாவுக்கு அருகே சேர்ண் என்னும் ஆய்வுகூடம் பிறந்தது. போர் முடிந்து பத்தாண்டும் ஆகுமுன், பிரான்சும் பிரித்தானியாவும் மேற்கு ஜேர்மனியும் ஒரே சபையில் அமர்ந்தன. ஐரோப்பாவில் நடந்தது மத்திய கிழக்கிலும் நடக்கலாம் என்று சேர்ண் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்தவர் சிலர் எண்ணினர். அவர்களுள் இத்தாலியரான சேர்ஜியோ ஃபுபினியும், ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்து எலியேசர் ரபினோவிச்சியும் முதன்மையானவர்கள். ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது: ஐரோப்பாவில் போர் முடிந்த பின்னரே சேர்ண் பிறந்தது. இங்கே போர் முடியவில்லை.

1995 நவம்பர் மாதத்தில் எகிப்தின் சினாய்க் கரையிலுள்ள தஹப் என்னும் ஊரிலே, பெதூயின் மக்களின் பெரிய கூடாரமொன்றில், அரபு நாட்டு விஞ்ஞானிகளும் இஸ்ரேலிய விஞ்ஞானிகளும் கூடினர். இஸ்ரேலியப் பிரதமர் யிற்சாக் ரபின், சமாதானத்தை விரும்பாத தம் நாட்டவன் ஒருவனாலேயே சுடப்பட்டு இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. எகிப்தின் உயர்கல்வி அமைச்சராயிருந்த வெனிஸ் கௌடா அம்மையார், இறந்தவருக்காக எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காக்குமாறு கேட்டுக்கொண்டார். அவையினர் எழுந்து நின்றனர். அக்கூட்டம் நடந்த நாட்களில் அக்கபா வளைகுடாவிலே பெரிய பூமியதிர்ச்சி ஒன்றும் உண்டாயிற்று, கூட்டம் கலையவில்லை. எனினும், கூடிப் பேசியதனால் மட்டும் ஒன்றும் நிலைத்திருக்காது. அடுத்த கூட்டம், அதற்கடுத்த கூட்டம் என்று சில ஆண்டுகள் சென்ற பின் அது ஓய்ந்து போயிருக்கும். கையிலே பிடிப்பதற்கு ஒரு பொருள் வேண்டியிருந்தது.

அப்பொருள் பேர்லினிலிருந்து வந்தது. அங்கே பெஸ்ஸி என்று பெயருடைய சின்குரோத்திரன் ஒன்று 1982 முதல் இயங்கி வந்தது. மதிலால் பிரிந்திருந்த நகரத்தின் மேற்குப் பகுதியிற் கட்டப்பட்ட இயந்திரம் அது. மதில் வீழ்ந்தது; நகரத்தின் கிழக்குப் புறத்திலே புதிய, பெரிய இயந்திரம் எழுந்தது; பழையது 1999இல் மூடப்படவிருந்தது. அதனை ஏன் உடைத்தெறிய வேண்டும், மத்திய கிழக்கிற்குக் கொடுக்கலாமே என்று 1997இல் அமெரிக்கரான ஹேர்மன் வினிக் என்பவரும் ஜேர்மனியரான குஸ்தாவ் அடொல்ஃப் ஃபொஸ் என்பவரும் யோசனை கூறினர். ஃபுபினியும், சேர்ண் ஆய்வுகூடத்தின் முன்னாட் பணிப்பாளர் நாயகமான ஹேர்விக் ஷொப்பர் அவர்களும் அந்த யோசனையைப் பற்றிக்கொண்டனர். ஜேர்மன் அரசாங்கம் இணங்கியது. 1999 ஜூன் மாதத்தில் யுனெஸ்கோவின் தலைமையகமான பாரிசில் அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடி, ஷொப்பர் தலைமையில் இடைக்காலச் சபை ஒன்றை அமைத்தார்கள். அன்று முதல் இது விஞ்ஞானிகளின் ஆசை என்ற நிலை கடந்து, அரசாங்கங்களின் பொறுப்பு என்ற நிலையை அடைந்தது.

புதிய நிலையத்தின் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் செசமி என்று வரும். அது எள்ளுக்கு ஆங்கிலப் பெயர்; அலிபாபாவின் கதையிலே குகைக்கதவைத் திறந்த மந்திரச் சொல்லும் அதுவே. பெயர் வைத்தவர்கள் இதனை அறியாமல் வைத்திருக்க முடியாது.

எங்கே அமைப்பது என்பது எளிய கேள்வி அன்று. இஸ்ரேலில் அமைத்தால் அரபியர் பலர் வரமாட்டார். ஈரானில் அமைத்தால் இஸ்ரேலியர் வர இயலாது. எல்லா உறுப்பு நாட்டு விஞ்ஞானிகளும் தடையின்றி வந்து செல்லத்தக்க நாடு எதுவென்று பார்த்தபோது, ஜோர்தான் முன்னின்றது. நிலத்தையும் கட்டடத்தையும் தானே தருவதாக அந்நாடு முன்வந்தது. மன்னர் இரண்டாம் அப்துல்லா இத்திட்டத்தில் நேரடியாக அக்கறை காட்டினார். 2002இல் பேர்லின் இயந்திரத்தின் பாகங்கள் பெட்டிகளில் ஜோர்தான் வந்து சேர்ந்தன. 2003 ஜனவரியில் அத்திவாரக்கல் நாட்டப்பட்டது. 2004இல் செசமி சட்டபூர்வமான சர்வதேச நிறுவனமாயிற்று. அதன் அமைப்பு விதிகள் சேர்ண் விதிகளைப் பெரும்பாலும் தழுவியவை. யுனெஸ்கோவின் ஆதரவிற் பிறந்ததாயினும், அதற்குள் அடங்கிய ஒரு கிளையாக இதனை ஆக்காமல் தனி நிறுவனமாக அமைத்தது பிற்காலத்திற் பயன் தந்தது. 2018 இறுதியில் இஸ்ரேல் யுனெஸ்கோவிலிருந்து விலகியது, செசமியிலிருந்து விலகவில்லை.

இதற்கிடையில் விஞ்ஞானிகளிடையே ஒரு முறுகல் தோன்றியிருந்தது. பழைய இயந்திரத்தை அப்படியே நிறுத்தினால், அது அரும்பொருட்காட்சிச் சாலைக்குத்தான் ஏற்றது என்று சிலர் கூறினர். அவர்கள் கூறியதில் நியாயம் இருந்தது. பேர்லின் வளையத்தின் சத்தி 80 கோடி இலத்திரன்வோல்ற்று. அது கடுமையான எக்ஸ் கதிர்களைத் தராது. சமாதானத்தின் சின்னமாகப் பழைய பொறி ஒன்றை நிறுத்திவைப்பதா, உண்மையான ஆராய்ச்சிக்குரிய இயந்திரத்தைக் கட்டுவதா என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று. இந்த வரலாற்றில் மிகச் சிறந்த தீர்மானம் இங்கேதான் செய்யப்பட்டது என்பது என் கருத்து. பேர்லினிலிருந்து வந்தவற்றை இலத்திரன்களுக்கு முதல் வேகம் ஊட்டும் கருவியாக மட்டும் வைத்துக்கொண்டு, 250 கோடி இலத்திரன்வோல்ற்றுச் சத்தியுள்ள முற்றிலும் புதிய வளையம் கட்டுவதென்று சபை தீர்மானித்தது. செலவு பெருகியது, காலமும் நீண்டது. ஆனால், சின்னங்களுக்காக எந்த ஆராய்ச்சியாளனும் எல்லை கடந்து வரமாட்டான். நல்ல ஒளிக்காக வருவான்.

பணம் சேர்ப்பது நெடும்பாடாயிற்று. 2012இல் ஈரான், இஸ்ரேல், ஜோர்தான், துருக்கி ஆகிய நான்கும் தலைக்கு 50 இலட்சம் டொலர் தருவதாக வாக்களித்தன. ஈரானுக்கு எதிரான பொருளாதாரத் தடைகள் காரணமாக அந்நாட்டின் பணத்தை வங்கிகள் வழியே அனுப்ப முடியாமற் போயிற்று. கொடுக்க ஒப்பியவரிடமிருந்து வாங்க வழியில்லை என்ற விந்தை நிலை. ஐரோப்பிய ஒன்றியம் 50 இலட்சம் யூரோவைக் காந்தங்களுக்கென ஒதுக்கி, சேர்ண் ஆய்வுகூடத்தின் பொறுப்பில் விட்டது. அந்தப் பொறியியலாளர் எல்லாவற்றையும் ஐரோப்பியத் தொழிற்சாலைகளிலேயே செய்வித்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. அறுமுனைக் காந்தங்களை ஒரு பங்கு சைப்பிரஸிலும் ஒரு பங்கு பாக்கிஸ்தானிலும் செய்வித்தனர். நான்முனைக் காந்தங்களுக்கான கம்பிச் சுருள்களிற் சிலவற்றைத் துருக்கியில் செய்வித்தனர். மயிரிழை பிசகினாலும் இலத்திரன்கள் குழாய்ச்சுவரில் மோதி அழிந்துவிடும். ஆகவே, சைப்பிரஸ் நாட்டுக் காந்தமும் துருக்கி நாட்டுச் சுருளும் ஒரே வளையத்தில் ஒரே அளவுக்கு அமைந்தாக வேண்டும். அவ்வாறே அமைந்தன.

தடைகள் பணத்தோடு நிற்கவில்லை. 2010 ஜனவரியில் தெஹ்ரானில் பௌதிகப் பேராசிரியர் மசூத் அலிமொஹம்மதி தம் வீட்டு வாசலில் குண்டு வெடித்து இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் மஜித் ஷஹ்ரியாரி என்னும் பேராசிரியர் காரிற் செல்லும்போது குண்டு பொருத்திக் கொல்லப்பட்டார். இருவரும் செசமியில் ஈரானின் பங்கேற்போடு தொடர்புடையவர்கள். ஈரான், இஸ்ரேலின் மீது குற்றஞ்சாட்டியது. அவ்வாண்டு மே மாதத்தில்தான் காசாவுக்குச் சென்ற துருக்கிக் கப்பலில் இஸ்ரேலியப் படையினர் ஏறியதில் துருக்கியர் உயிரிழந்து, அவ்விரு நாடுகளின் உறவும் முறிந்திருந்தது. ஒரே ஆண்டில் இவ்வளவும் நடந்தன. ஈரானும் விலகவில்லை, துருக்கியும் விலகவில்லை, இஸ்ரேலும் விலகவில்லை. இதற்கு வீரம் என்று பெயரிடுவதா, பிடிவாதம் என்று பெயரிடுவதா என்பது நேயர்களின் விருப்பம்.

மனிதர் செய்தது போதாதென்று, 2013 டிசம்பரில் அப்பகுதியில் வழக்கத்துக்கு மாறாகக் கடும் பனி பெய்து மண்டபத்தின் கூரை இடிந்து வீழ்ந்தது. கூரையை மீண்டும் போட்டார்கள். 2014இல் பேர்லினிலிருந்து வந்த முன்முடுக்கி தன் முழுச் சத்தியை எட்டியது. 2017 ஜனவரியில் புதிய வளையத்திலே இலத்திரன்கள் முதன்முறை சுற்றின. அவ்வாண்டு மே மாதம் 16ஆம் நாள் மன்னர் அப்துல்லா ஆய்வுகூடத்தைத் திறந்து வைத்தார். தஹப் கூடாரத்திலிருந்து அந்நாள் வரை 21 ஆண்டுகளுக்கு மேற் கடந்திருந்தன. ஃபுபினி 2005இலேயே காலமாகிவிட்டார்.

2018இல் முதல் ஆராய்ச்சியாளர் வந்து வேலை தொடங்கினர். 2023 அளவில் ஐந்து ஒளிவழிகள் திறக்கப்பட்டிருந்தன. கடைசியாகத் திறந்தது, பொருளை அறுக்காமலே அதன் உட்புறத்தைப் படம் பிடிப்பது. புதைபொருள் ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. மூன்று பெருஞ் சமயங்கள் தோன்றி வளர்ந்த நிலப்பகுதியிலே, தோண்டுமிடமெல்லாம் பழைய எலும்பும் ஓடும் உலோகமும் கிடைக்கும் நாடுகளுக்கு, இது பெரும் பேறு. மின்சாரச் செலவு நெடுநாளாக நிலையத்தின் கழுத்தை நெரித்து வந்தது. எண்ணெய் வளமற்ற ஜோர்தானில் மின்சாரம் மலிவானதன்று. இத்தகைய இயந்திரமோ மின்சாரத்தை விழுங்குவது. 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, ஞாயிற்றொளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று இதற்கென அமைக்கப்பட்டது. முழுத் தேவையையும் புதுப்பிக்கத்தக்க சத்தியாற் பெறும் உலகின் முதல் முடுக்கி நிலையம் என்ற பெயரை அதனாற் செசமி பெற்றது. பாலை நாட்டு வெயிலுக்கு இதனினும் சிறந்த பயன் எதுவென்று தெரியவில்லை.

ஒளியை யார் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. ஆராய்ச்சியாளர் தாம் செய்ய விரும்பும் சோதனையை எழுதி விண்ணப்பிக்க வேண்டும். பல நாட்டு நிபுணரைக் கொண்ட குழு ஒன்று விண்ணப்பங்களை விஞ்ஞானத் தகுதி நோக்கித் தரம் பிரிக்கும். ஏற்கப்பட்டவருக்குக் குறித்த நாட்களில் குறித்த மணி நேரத்துக்குக் கற்றை வழங்கப்படும். அந்நேரத்தில் இரவென்றும் பகலென்றும் பாராமல் வேலை நடைபெறும். கற்றை தடைப்பட்டால் எல்லோருக்கும் ஒருங்கே தடைப்படும். பக்கத்து ஒளிவழியில் நிற்பவர் எந்த நாட்டவர் என்பதைவிட, வளையத்திலே இலத்திரன்கள் இன்னும் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதே அந்நேரத்திற் பெரிய கேள்வி.

இவ்வளவும் சொன்ன பின், மறுபுறத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. கொடுமை இழைப்பவரோடு ஒரே மேசையில் அமர்வது கொடுமைக்கு உடன்படுவது ஆகாதா என்று கேட்பவர் உளர். குண்டு விழும் ஊரிலிருந்து வரும் ஒருவர் இக்கேள்வியைக் கேட்டால், அதனைத் தட்டிக் கழிக்க நமக்கு உரிமை இல்லை. செசமியின் விடை அடக்கமானது. அதன் உறுப்புரிமை எந்த நாட்டையும் மற்றொரு நாட்டை அங்கீகரிக்கக் கட்டாயப்படுத்துவதில்லை. பலஸ்தீனம் அங்கே விருந்தாளியாக வரவில்லை; தொடக்க கால உறுப்பினராக, தன் பெயர்ப்பலகையின் பின் அமர்கிறது. பலஸ்தீன மாணவன் ஒருவன் சின்குரோத்திரன் ஆராய்ச்சியைத் தன் இல்லத்திலிருந்து சில மணி நேரப் பயணத்திற் கற்கலாம். ஆனாலும் அந்தச் சில மணி நேரப் பயணத்தில் எத்தனை சோதனைச்சாவடிகள் உண்டு என்பதை அந்த ஆய்வுகூடம் தீர்மானிப்பதில்லை. அந்தக் குறை தீராத குறையே.

இத்தகைய ஆய்வுகூடங்கள் சமாதானத்தைக் கொண்டுவரும் என்று சொல்வோர் வேறொரு தவறு செய்கிறார்கள். அவை கொண்டுவருவதில்லை. சேர்ண் ஆய்வுகூடமும் அரசியலுக்கு அப்பாற்பட்டு நிற்கவில்லை. உக்ரேன் மீது 2022இல் ரஷ்யா படையெடுத்ததை அடுத்து, ரஷ்யாவுடனான உடன்படிக்கை 2024 நவம்பர் இறுதியிற் காலாவதியானபோது சேர்ண் சபை அதனைப் புதுப்பிக்கவில்லை. ரஷ்ய நிலையங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகளின் பங்கு அத்துடன் நின்றது. எனினும், ரஷ்யாவிலுள்ள டுப்னா சர்வதேச நிலையத்தோடு கொண்ட தொடர்பை அது முற்றாக அறுத்துவிடவில்லை. எங்கே அறுப்பது, எங்கே விட்டுவைப்பது என்பதை நாடுகளின் அரசாங்கங்களே வாக்களித்துத் தீர்மானித்தன. விஞ்ஞானிகள் தம் கருத்தைச் சொன்னார்கள். அவர்களுக்குள்ளும் ஒருமனம் இருக்கவில்லை.

செசமிக்கு வந்த சோதனை இதனினும் கடியது. 2023 அக்டோபரில் தொடங்கிய காசாப் போரில் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் தரைமட்டமாயின. 2025 ஜூன் 13ஆம் நாள் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. ஈரானிய அணு விஞ்ஞானிகள் பலர் தம் வீடுகளிலேயே கொல்லப்பட்டனர். இரண்டு நாட்களின் பின் ஈரானின் ஏவுகணைகள் ரெஹோவோத் நகரத்திலுள்ள வைஸ்மன் நிலையத்தைத் தாக்கின. ரைபோசோம் ஆராய்ச்சிக்குப் புகழ்பெற்ற அதே நிலையத்தில், பல ஆண்டுகள் சேர்த்த உயிரியல் மாதிரிகளும் கருவிகளும் அழிந்தன. 12 நாட்கள் நீடித்த அப்போரில் ஈரானின் ஏவுகணைகளும் ஆளில்லா விமானங்களும் ஜோர்தானின் வானத்தைக் கடந்து சென்றன. அல்லானில் உள்ள நிலையத்தின் உறுப்பு நாடுகளை ஆங்கில அகரவரிசையில் எழுதும்பொழுது, ஈரானுக்கு அடுத்த பெயர் இஸ்ரேல். அவ்விரு பெயர்களும் அந்த 12 நாட்களிலும் அந்தப் பட்டியலில் அடுத்தடுத்தே இருந்தன.